கொக்கி வைத்த எழுத்து

அந்தக் காற்றாலை ஆறு ஊர்களில் எரிந்திருக்கிறது. ஊர்கள்தான் வேறு வேறு, காற்றாலை ஒன்றேதான். ஆண்ட்வெர்ப்பில் ரோம்பவுட்டின் அச்சுக்கடையில் ஒரு பெரிய செம்புத் தகடு இருந்தது. நடுவில் மதில் சூழ்ந்த நகரம், நாலு கோபுரம், இடப்பக்கம் பீரங்கி வரிசை, வலப்பக்கம் அந்தக் காற்றாலை, மேலே சுருள் சுருளாகப் புகை. எங்காவது ஒரு கோட்டை விழுந்ததாகச் சேதி வந்தால் போதும். தகட்டின் அடியில் இருக்கும் பழைய ஊர்ப்பெயரைப் பின்பக்கத்திலிருந்து சுத்தியால் தட்டி, முன்பக்கம் தேய்த்து மழித்துவிட்டு, புதுப்பெயரை வெட்டி மறுநாளே சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள்.

வாங்குகிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. "இந்தக் காத்தாலை போன வருசமும் எரிஞ்சுச்சேப்பா, மறுபடி யாரு கட்டிக் குடுத்தாங்க?" என்று கிண்டல் செய்துகொண்டேதான் வாங்குவார்கள். படத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அடியில் இருக்கும் எழுத்துக்குத்தான் ஜனங்கள் கை நீட்டினார்கள். எந்த ஊர், எந்த நாள், யார் ஜெயித்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

அந்த எழுத்தை வெட்டியவர் கில்லிஸ். கட்டடம் செதுக்க ஒருவர், குதிரையும் ஆளும் செதுக்க ஒருவர், புகைக்கென்றே ஒருவர் என்று ஆள் இருந்த கடையில், மேசையின் கடைசிக் கோடியில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருப்பார். படம் போட்டவர்கள் மூலையில் தங்கள் பெயரை வெட்டிக்கொள்வார்கள். எழுத்து வெட்டுகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. பத்தாயிரம் பெயர் வெட்டியிருப்பார். தன் பெயரை ஒரு தடவைகூட வெட்டியதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, என்ன எழுத்து அது! தகட்டில் எல்லாவற்றையும் வலமிருந்து இடமாக, தலைகீழ் புத்தியோடு வெட்ட வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். மற்றவர்கள் கண்ணாடியை எதிரே நிறுத்திவைத்துக்கொண்டு தடுமாறுவார்கள். கில்லிஸ் மணல் பையின் மேல் தகட்டை வைத்து, உளியை அசைக்காமல் தகட்டைத் திருப்பித் திருப்பி, பேச்சுக் கொடுத்தால் பதிலும் சொல்லிக்கொண்டே வெட்டுவார். கோட்டுக்குக் கீழே வால் இறங்குகிற எழுத்துகள் வந்தால் அந்த வாலின் முனையில் தூண்டில் முள் போல ஒரு சின்னக் கொக்கி வைப்பார். அது வேறு யார் கைக்கும் வராது. தொழிலில் இருந்தவர்கள் அந்தக் கொக்கியைப் பார்த்தே "கில்லிஸ் வெட்டினது" என்பார்கள்.

மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால் பன்னிரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது அவர் வேறொரு கடையில் இருந்தார். ஒரு கோட்டை வியாழக்கிழமை விழுந்தது. அதைச் செவ்வாய்க்கிழமை என்று வெட்டச் சொன்னார் அந்த முதலாளி. போட்டிக்காரனுக்கு முந்தித் தனக்குத்தான் சேதி வந்தது என்று ஊர் நம்ப வேண்டுமாம்.

"ரெண்டே நாளுய்யா. செத்தவன் ரெண்டு நாள் முன்னாடி செத்தா உனக்கு என்ன போச்சு?" என்றார் அவர்.

"படக்காரன் காத்தாலைய ஆத்து நடுவுல வேணா வைக்கட்டும் ஐயா. அது படம். நாளு நாளுதான். நான் மாத்தி வெட்டமாட்டேன்."

"அப்ப வெளிய போய் உன் நாள நீயே வச்சுக்க."

போய்விட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க எந்தக் கடையும் அவரைச் சேர்க்கவில்லை. வீட்டில் ரொட்டி நின்றது, பிறகு பீர் நின்றது, கடைசியில் டர்னிப் கிழங்கைத் தண்ணீரில் வேகவைத்து உப்புப் போட்டுக் குடித்தார்கள். பத்து வயது மகள் மைக்கென் சந்தை முடிந்ததும் வண்டிகளுக்கு அடியில் புகுந்து, விழுந்து கிடக்கிற கிழங்கைப் பொறுக்கி வருவாள். அவர் மனைவி கத்லைன் தலையில் அடித்துக்கொண்டு புருஷனைத் திட்டித் தீர்த்தபோது, அந்தப் பெண் கிழங்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "திட்டாதம்மா. அப்பா பொய் வெட்டமாட்டாருல்ல." தெருப் பிள்ளைகளிடமும் இதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வசந்த காலத்தில் ரோம்பவுட் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். வீம்பு பிடித்த ஆள்தான், ஆனால் அந்தக் கைக்கு ஈடு கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மைக்கென் பத்தொன்பது வயதில் லீவென் என்ற ரொட்டிக்காரனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன்தான், ஆனால் வேதம் வேறு. அவன் சபையின் பிரசங்கத்துக்குக் கத்தோலிக்க ஆண்ட்வெர்ப்பில் இடமில்லை. ஆகவே இருவரும் ஹோல்பேக் என்ற சின்னக் கோட்டை ஊருக்குப் போய்விட்டார்கள். அது எதிர்த்தரப்பின் ஊர். படகுத்துறையில் அம்மா கட்டிப்பிடித்து அழுதாள். கில்லிஸ் வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ வெட்டிக்கொண்டிருந்தார். "நல்லபடியா இரு" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே என்று பிறகு மூன்று வருடம் மனதுக்குள் புழுங்கினார். வெளியே யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

ஆயிரத்து அறுநூற்று இரண்டாம் வருடம் ஆகஸ்டில் நம் தரப்புப் படை ஹோல்பேக்கை வளைத்தது. அச்சுக்கடையில் ஒரே கொண்டாட்டம். "ஏழாவது தடவை எரியப்போவுது நம்ம காத்தாலை!" என்று புகைக்காரர் கை தட்டினார். கில்லிஸ் குனிந்த தலை நிமிரவில்லை. உருளை அச்சை இழுக்கிற ஸ்டாஃபெலுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் வாயாடி; ஆனாலும் இதில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. செப்டம்பர் போனது. உள்ளே பூனை இறைச்சி விற்கிறது என்று சேதி வந்தது. அக்டோபர் வந்தது, இனிப் பூனையும் இல்லை என்றார்கள். எதிர்த்தரப்பிலிருந்து உதவிப்படை ஒன்று கடல் மதகுக் கரை வழியாக வந்துகொண்டிருக்கிறது, அதை நம்பித்தான் ஊர் கதவைத் திறக்காமல் இருக்கிறது என்றும் பேச்சு அடிபட்டது.

அக்டோபர் பன்னிரண்டு. ரோம்பவுட் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உன் பொண்ணு ஹோல்பேக்ல இருக்கா."

கில்லிஸ் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"என் கடையில எலி குட்டி போட்டாகூட எனக்குத் தெரியும். பயப்படாதய்யா, நான் உன்னக் காட்டிக் குடுக்கக் கூப்பிடல." மேசை மேலிருந்த ஒரு தாளைத் திருப்பி வைத்தார். "முகாமுக்கு பீர் கொண்டுபோற படகுக்கு தளபதி முத்திரை போட்ட அனுமதிச் சீட்டு. உன் மச்சான் தீல்மன் படகுதானே ஓட்டுறான்? அவன் போகட்டும். பீப்பாய எறக்கிட்டுத் திரும்பறப்ப நாணலுக்குள்ள நிறுத்தி யார ஏத்திக்கிறான்னு எவன் பார்க்கப் போறான்?"

கில்லிஸ் அந்தச் சீட்டையே பார்த்தார். கை நீட்டவில்லை. ரோம்பவுட் சும்மா எதையும் தருகிற ஜாதி இல்லை.

"பதிலுக்கு?"

"உன் வேலைதான். பெரிய தகட்ட எடு. ஊர் பேர விட்டுடு, இப்படி வெட்டு: மதகுக் கரையில உதவிப்படை ரெண்டாயிரம் பேரும் அழிஞ்சாங்க, ஒருத்தன் மிஞ்சல, அக்டோபர் பதினஞ்சு."

"இன்னிக்கு பன்னெண்டுதான் ஆவுது ஐயா."

"பதினஞ்சு எங்க ஓடிடப்போவுது? வரும். அந்தப் படையும் அழியத்தான் போவுது. நாம கொஞ்சம் முந்திக்கிறோம், அவ்வளவுதான்."

"நடக்காதத நான்..."

"தெரியும்யா உன் கதை. டர்னிப் கதை. ஊரே சொல்லுது." ரோம்பவுட் குரலில் கிண்டல்கூட இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "இந்தச் சீட்டு நாளைக்கு மேல இருக்காது. மேல இருக்கறவங்க கேட்ட வேலை இது. யோசிச்சு நாளைக்குச் சொல்லு."

வீட்டில் கத்லைன் படங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் பிழைப்பு; கூரைகளுக்குச் செந்தூரம், வயலுக்குப் பச்சை, தீக்கு மறுபடியும் செந்தூரம். விஷயத்தைக் கேட்டதும் தூரிகையைக் கிண்ணத்தில் போட்டாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வெட்டுங்க."

"பொய்யி, கத்லைன்."

"பொய்யா இருந்தா இருக்கட்டுமே! உங்க நேர்மைக்காக எம்பொண்ணு ஒரு குளிர்காலம் வண்டிக்கு அடியில தவழ்ந்தா. நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"எங்க மூடின?"

"சரி, மூடல. திட்டினேன். ஆனா உங்கள விட்டுப் போகல இல்ல? இப்ப அவ அங்க எலியத் தின்னுட்டு இருக்கா. அவ சாகணுமா, உங்க எழுத்து சுத்தமா இருக்கறதுக்கு?" அவள் வண்ணக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். "துறைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லல நீங்க. இதையாவது செய்யுங்க."

கில்லிஸ் மறுநாள் காலையில் தகட்டை எடுத்தார்.

பழைய பெயரைத் தட்டி மழிக்கவே அரை நாள் ஆயிற்று. பிறகு கோடு போட்டு, வெட்டத் தொடங்கினார். ஒன்று மட்டும் தீர்மானித்திருந்தார்: இதில் கொக்கி வைக்கக்கூடாது. பொய்தான் வெட்டுகிறோம், அது யாரோ வெட்டிய பொய்யாக இருக்கட்டும். முதல் வரி முழுக்க வாலை மொட்டையாக விட்டார். நிறுத்திக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தார். வரி வாலறுந்த நாய் மாதிரி நின்றது. எழுத்தின் நடையே செத்துப்போயிருந்தது. ஏதோ பழகாத பயல் வெட்டியதுபோல இருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை அவருக்கு. இது சந்தையில் இரண்டு நாள் விற்கும், பிறகு பாலாடைக்கட்டி சுற்றப் போகும், இதில் யார் கொக்கியைத் தேடப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திரும்பப் போய் முதல் வரியிலிருந்து ஒவ்வொரு வாலுக்கும் கொக்கி வைத்தார். பத்து நிமிட வேலைதான். கை தானாகவே போயிற்று.

ஸ்டாஃபெல்தான் அச்சிட்டான். மூன்று தாள் எடுத்ததும் ஜன்னலோரம் வந்து நின்றான்.

"அண்ணே, தாளப் பாத்தீங்களா? ஈரம் பட்டாலே கிழியுது. இவ்வளவு மெல்லிசா எப்பவும் போட்டதில்லையே. மடிச்சா கைக்குள்ள அடங்கிடுது. முந்நூறு போடணுமாம், வண்ணம் வேணாமாம்."

"அதுக்கு?"

"இது சந்தைக்குப் போற சரக்கு இல்லண்ணே."

கில்லிஸ் உளியைத் தீட்டிக்கொண்டே, "முதலாளியக் கேளு" என்றார்.

ஸ்டாஃபெல் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும், அந்தப் பதில் தனக்கு வேண்டாம் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. இதை அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

அக்டோபர் பதினெட்டு, புனித லூக் திருநாளன்று ஓவியர் சங்க விருந்தில், எல்லோர் முன்னிலையிலும் தோளைத் தட்டுகிறமாதிரி ரோம்பவுட் அந்தச் சீட்டை அவர் மேலங்கிக்குள் செருகினார். ரோம்பவுட் வாக்குத் தவறவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சிவப்பு அரக்கு முத்திரை பளபளத்தது. கத்லைனின் தம்பி தீல்மன் பீப்பாய்களோடு கிளம்பினான். முகாமில் விலாங்கு மீன் விற்கிற ஒரு கிழவி நாணலுக்குள் புகுந்து மதிலடி வரை போய் வருவாளாம். அவள் மூலம் சொல்லியனுப்பினான்: நவம்பர் ஒன்று, சகல பரிசுத்தர் நாள் விடியற்காலை, நீர்வாசல் நாணலில் படகு நிற்கும். நாலாம் நாள் பதில் வந்தது. ரொட்டி சுற்றுகிற தாளின் ஓரத்தில் மைக்கென் எழுதியிருந்தாள்: 'ரெண்டு பேரும் வர்றோம். அப்பாகிட்ட சொல்லுங்க.'

அந்தச் சின்னத் தாளை ஆண்ட்வெர்ப் வருகிற வேறொரு படகுக்காரன் கொண்டுவந்து கொடுத்தான். கில்லிஸ் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தார். அம்மாவுக்கு இல்லை, அப்பாவுக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். மன்னித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? கத்லைன் மேல்மாடி அறையைக் கழுவிவிட்டு, வைக்கோல் மெத்தைக்குப் புது வைக்கோல் அடைத்தாள். லீவெனை எங்கே ஒளித்துவைப்பது, பக்கத்து வீட்டுக்காரி வந்தால் என்ன சொல்வது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மூன்று வருடத்தில் அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை.

நவம்பர் நாலாம் தேதி மதியம் தீல்மன் வந்தான். தனியாக வந்தான். வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

"அக்கா, படகு வரும்னு சொன்ன நாளுக்கு மூணு நாள் முன்னாடியே கதவத் திறந்துட்டாங்க."

"யாரு?"

"ஊர்க்காரங்களே. உயிருக்கு உத்தரவாதம்னு எழுதி வாங்கிட்டுத்தான் திறந்திருக்காங்க. ஆனா உள்ள போன சிப்பாய்க்கு ஏழு மாசமா சம்பளமில்ல, அவன் எதப் படிக்கப் போறான்? நாணல்ல விடியறவரைக்கும் நின்னேன். ஊருக்கு மேல புகையாத்தான் இருந்துச்சு. யாரும் வரல." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னொண்ணு. நான் நாணல்லேர்ந்து முகாமுக்குத் திரும்பின மறுநாள் அந்த உதவிப்படை மதகுக்கிட்ட வந்து நின்னுச்சு. ரெண்டாயிரம் பேரும் முழுசா. கோட்டையில நம்ம கொடியப் பாத்துட்டுத் திரும்பிப் போனானுங்க."

அந்த ஊர் எதற்காகக் கதவைத் திறந்தது என்று தீல்மனுக்குத் தெரியவில்லை. ரோம்பவுட் ஏழாவது தடவையாகக் காற்றாலையை எரிக்கச் சொன்னார்; கில்லிஸ் ஹோல்பேக்கின் பெயரை வெட்டினார், சரியான தேதியோடு. செத்தவர் எண்ணிக்கை வந்தபோது அவர் உளி ஒரு கணம் வழுக்கியது, அவ்வளவுதான். யாராவது தப்பித்திருப்பார்கள் என்று நம்பினார். கத்லைன் மேல்மாடி மெத்தையைக் கலைக்கவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் காலை, கரி மூட்டை சுமந்த ஒருவன் பின்கட்டுக் கதவைத் தட்டினான். மூட்டையை இறக்கிவிட்டுத் தொப்பியை எடுத்தான். கன்னம் ஒட்டி, ஒரு காது பாதியாக இருந்த அந்த ஆளைக் கத்லைனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"அத்தை, நான் லீவென்."

அவள் அவனுக்குப் பின்னால் சந்துக்குள் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அப்படியே கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

கில்லிஸ் அவனுக்கு மோர்க் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். அவன் தொடவில்லை. சட்டைக்குள்ளிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தான். மெல்லிய தாள், மடிப்புகளில் கிழிந்திருந்தது. ஒரு ஓரத்தில் ஓட்டை. அம்பில் குத்தி எய்தது.

"மாமா, இத எங்க ஊருக்குள்ள முகாம்காரன் முந்நூறு எய்தான்."

கில்லிஸ் கஞ்சிக் கிண்ணத்தைத் தாளிலிருந்து தள்ளி வைத்தார்.

"யாரும் நம்பலை மாமா. சிரிச்சோம். பட்டினியில கிடந்தாலும் சிரிச்சோம். அந்தக் காத்தாலையப் பாத்து, 'இது எங்க மாமியார் ஊர்ல எரிஞ்ச காத்தாலை'ன்னு ஒருத்தன் சொன்னான். கிழிச்சுப் போட்டுட்டாங்க. அவ ஒண்ணை எடுத்து அடியில பாத்தா." லீவென் விரலை எழுத்துகளின் மேல் வைத்தான். "பாத்துட்டு அப்படியே நின்னுட்டா. 'படம் பொய்யி, எழுத்து எங்க அப்பாவோடது'ன்னா. நான் வேணாம்னேன். அவ கேக்கல. நேரா நகர மண்டபத்துக்குப் போனா. அத்தனை பேர் முன்னாடி நின்னு சொன்னா: 'எங்க அப்பா ஒரு நாளக்கூட மாத்தி வெட்டமாட்டேன்னு ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்தாரு. நானும் கிடந்தேன். அவரு வெட்டியிருந்தா நடந்ததுதான். உதவி வராது. இன்னும் குழந்தைங்கள சாகவிடாதீங்க, உத்தரவாதம் கேட்டு வாங்கிட்டுத் திறங்க.' கொக்கியக் காட்டினா. ஊர்ல ஒரு தட்டான் இருந்தான், அவனும் பாத்துட்டு, இது ஒரே ஆள் கைதான்னான். மறுநாள் பேச்சுக்குப் போனாங்க. அதுக்கு மறுநாள் கதவு."

"படகு..." என்றாள் கத்லைன் தரையிலிருந்து.

"படகுக்கு மூணு நாள் இருந்துச்சு அத்தை. உத்தரவாதம் இருக்கறப்ப எதுக்கு ஒளிஞ்சு போகணும், நேரா வீட்டுக்கே போவோம்னா. ரொட்டிக்கடை வாசல்ல நின்னுட்டிருந்தா. முதல்ல வந்த சிப்பாய்ங்ககிட்டயே போய் உத்தரவாதத் தாளைக் காட்டினா." அவன் தன் பாதிக் காதைத் தடவிக்கொண்டான். மிச்சத்தைச் சொல்லத் தேவைப்படவில்லை.

அவன் தாளின் மடிப்புகளை விரலால் நீவினான். பிறகு லீவென் நிமிர்ந்தான்.

"மிஞ்சினவங்க மிடில்பர்க்ல இருக்கோம். அங்க என்னையப் பாத்தா துப்புறாங்க மாமா. அவ எதிரிகிட்ட காசு வாங்கினான்னு சொல்றாங்க. அந்தக் கொக்கி சும்மா, அவளே கட்டின கதைன்னு சொல்றாங்க. இன்னும் சிலபேர், யாரோ உங்க கைய காப்பி அடிச்சிருக்கான், பாவம், அவ ஏமாந்துட்டான்னு. அதக் கேக்கத்தான் வந்தேன். வேற யாராவது வெட்டினதா?"

கத்லைன் புருஷனைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. சொல்லியிருந்தால் லீவென் கஞ்சியைக் குடித்துவிட்டு, எதிரியைச் சபித்துக்கொண்டு போயிருப்பான்.

"என் கைதான்," என்றார் கில்லிஸ்.

லீவென் எழுந்தான்.

"நடக்காததுன்னு தெரிஞ்சுதான் வெட்டினேன். அவள வெளிய கொண்டுவர சீட்டு குடுத்தாங்க. அந்தப் படகுக்காகத்தான்பா..." முடிக்க முடியவில்லை அவரால். வயதான மனிதர், வாய்விட்டு அழுதார். கத்லைன் அவர் பக்கம் போகவில்லை.

"அப்ப அவ சொன்னது சரி," என்றான் லீவென். "கை உங்களுதுன்னு சொன்னா. அது சரிதான்." அந்தத் தாளை அவன் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் அவனை அந்த மேல்மாடி மெத்தையில் படுக்கவைத்துவிட்டு, கில்லிஸ் உள்ளங்கை அகலத் தகடு ஒன்றை எடுத்தார். படம் இல்லை, கோட்டை, புகை, காற்றாலை எதுவும் இல்லை. எழுத்து மட்டும். மதகுக் கரையில் உதவிப்படை அழிந்தது என்ற அச்சுத்தாள் பொய். அதை அக்டோபர் பதிமூன்றாம் பதினான்காம் தேதிகளில், பொய் என்று தெரிந்தே வெட்டியவன் நான். என் மகள் மைக்கென் காசு வாங்கவில்லை. என் கையை அவள் சரியாகவே அடையாளம் கண்டாள். கடைசியில் தன் பெயரை வெட்டினார். நாற்பது வருடத்தில் அது ஒரு தடவைதான்.

ரோம்பவுட் தேவாலயம் போன நேரத்தில் ஸ்டாஃபெல் நாற்பது தாள் இழுத்துக் கொடுத்தான். இழுக்கும்போது அழுக்குக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதோட நம்ம ரெண்டு பேரு கதையும் முடிஞ்சுதுண்ணே" என்றான். அப்படியேதான் ஆயிற்று. ஒரே வாரத்தில் விஷயம் வெளிவந்து இருவரையும் துரத்தினார்கள். அதன்பின் கில்லிஸ் சாகிறவரை ஒன்பது வருடம், கரண்டிகளிலும் நாய்க் கழுத்துப் பட்டைகளிலும் சொந்தக்காரர் பெயரை வெட்டிப் பிழைத்தார். கத்லைன் அவருக்குச் சமைத்துப் போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், தேவையானதை மட்டும் பேசினாள்.

ஆனால் அவர் காத்திருந்தது, லீவென் தாள்களைக் கொண்டுபோன மிடில்பர்க்கின் சேதிக்காக. துரத்தப்பட்ட பின் வந்த முதல் வசந்தத்தில் தீல்மன் அந்தப் பக்கம் போய்வந்தான். திண்ணமாக ஏதாவது நல்லது சொல்வான் என்று கில்லிஸ் வாசலுக்கே வந்து நின்றார். தீல்மன் ஒரு தாளைத் திருப்பிக் கொடுத்தான். அந்த நாற்பதில் ஒன்று.

"லீவென் வீடு வீடா குடுத்தானாம். கோவில் வாசல்லயும் ஒட்டினானாம்."

"படிச்சாங்களா?"

"படிச்சாங்க."

"என்ன சொன்னாங்க? சொல்லுடா."

தீல்மன் தரையைப் பார்த்தான். "ஹோல்பேக்ல ரெண்டு பிள்ளைகளப் பறிகொடுத்த ஒரு பொம்பளை இருக்கா. அவகிட்ட இந்தத் தாளைக் குடுத்திருக்கான். வாலு வாலா விரலை வச்சுப் பாத்தாளாம். 'இதே கொக்கிதான். இதை ஒரு தடவை நம்பினோம்'னு சொல்லிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாளாம். மத்தவங்களும் அதேதான் சொன்னாங்க. அப்பனும் பொண்ணும் சேந்து அப்பவும் பொய், இப்பவும் பொய்யின்னு." கொஞ்சம் தயங்கினான். "லீவென் அந்த ஊர விட்டுப் போயிட்டான். எங்கன்னு தெரியல."

கில்லிஸ் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கடைசி வரிவரை படித்தார். எழுத்தில் ஒரு பிசகும் இல்லை. மடித்து, மைக்கென் ரொட்டித் தாளில் எழுதியனுப்பியதோடு சேர்த்து வைத்துவிட்டு, யாருடைய நாய்க்கோ பட்டையில் பெயர் வெட்ட உட்கார்ந்தார்.